மெட்ரோ வராத தடத்தில்

2025 நவம்பரில் மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. திருமங்கலத்தில் தொடங்கி, ஊருக்குள் புகுந்து, வைகையைக் கடந்து, ஒத்தக்கடையில் முடிகிற சுமார் 32 கிலோமீட்டர் தடம். மதிப்பீடு 11,000 கோடி ரூபாய்க்கும் மேல். 20 லட்சம் மக்கள் இல்லாத நகரத்துக்கு மெட்ரோ இல்லை என்று 2017-ஆம் ஆண்டுக் கொள்கையைக் காட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் ஆக்ராவும் போபாலும்கூட 20 லட்சத்தைத் தொடவில்லையே, அவற்றுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று இங்கிருந்து கேட்டார்கள். கேள்விக்குப் பதில் வருவதற்குள் மறுநாள் விடிந்துவிட்டது. மதுரைக்காரர்கள் வழக்கம்போல டவுன் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

மெட்ரோ வரும்போது வரட்டும். வராத இந்த நாளில் அதே தடத்தில் ஜனங்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்று பார்க்கத்தான் மார்கழியில் திருமங்கலத்துக்கு வந்தேன்.

பஸ் ஏறுவதற்கு முதல்நாள் சாயங்காலம் ஒரு மனை விற்கிறவரோடு கள்ளிக்குடி பக்கம் போனேன். அவரே கார் கொண்டுவந்தார். நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, வேலிக்கருவைக்கு நடுவே கொஞ்சதூரம் போனதும் வண்ணம் அடித்த ஆர்ச் ஒன்று நிற்கிறது. உள்ளே கரிசல் மண்ணைச் சமப்படுத்தி, செம்மண் கொட்டிப் பாதை போட்டு, மஞ்சள் கல் ஊன்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மனையின் முகப்பிலும் ஒரு தென்னங்கன்று. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் சறுக்குமரம் தயாராக நிற்கிறது. சறுக்குவதற்குப் பிள்ளைகள் வர இன்னும் பத்து வருஷமாவது ஆகும்.

“சென்ட் மூணேகால் லட்சம் சார். கிழக்குப் பார்த்த மனை, கார்னர் பிளாட்டுன்னா கொஞ்சம் கூட. எய்ம்ஸ் பதினஞ்சு நிமிஷம், ஏர்போர்ட் இருபது நிமிஷம், மாட்டுத்தாவணி முப்பது நிமிஷம்.”

“எதுல போனா?”

“கார்லதான் சார்.”

“கார் இல்லாதவங்க?”

“இடம் வாங்குறவங்க கார் வாங்க மாட்டாங்களா சார்?”

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அவரிடம் டிடிசிபி அப்ரூவல், ரெரா எண், வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இந்தப் பேச்சே கிடையாது. வயலில் கயிறு பிடித்து, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு தாளைக் காட்டி விற்றார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் பத்திர ஆபீஸ்கள் திடீரென்று வெறிச்சோடின. அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிவிட்டார்கள். இன்றைக்கு வழிகாட்டி மதிப்பில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அதனால் வீட்டம்மா பெயரில் பத்திரம் போடுவது இப்போது பாசத்தோடு கணக்கும் சேர்ந்த காரியம்.

காகிதம் எல்லாம் சரிதான். மூன்று சென்ட் மனை பத்து லட்சத்தில் முடிகிறது. ஐயர் பங்களாவிலும் கே.கே. நகரிலும் அந்தப் பணத்துக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. அதனால்தான் ஊர் இவ்வளவு தூரம் தள்ளி வந்து கல் ஊன்றுகிறது. காகிதத்தில் இல்லாத ஒன்றே ஒன்று, பஸ்.

மறுநாள் காலை ஏழரைக்குத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். பெரியார் நிலையம் போகிற சாதாரணக் கட்டண டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து இந்த வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் அவர்களுக்கு விலையில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். ஆண்களிடம் சில்லறை கேட்டுச் சண்டை போடுகிறார். “உள்ள போங்கம்மா, நடுவுல மைதானமா கெடக்கு, அங்கிட்டுப் போங்க” என்கிறார். மைதானத்தில் ஒரு கால் வைக்கத்தான் இடம் இருந்தது.

கம்பியைப் பிடித்து நின்ற ஒரு அம்மாள் என் பையை வாங்கி, உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் வைத்தார். அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குக் கடை மூடிய பிறகு பஸ் பிடிக்க வேண்டும். முன்பு தெற்குவாசலில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்களாம். கடைக்கு நடந்தே போய்விடலாம். சொந்த வீடு வேண்டும் என்று நகையை விற்று, கடனும் வாங்கி, திருமங்கலத்துக்கும் அந்தப் பக்கம் மூன்று சென்டில் கட்டினார்கள்.

“வாடகைக்குக் குடுத்த காசு இப்ப பெட்ரோலுக்குப் போகுதுண்ணே. காலையில மகன் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விடுவான், ராத்திரி வந்து கூட்டிட்டுப் போவான். அவன் காலேஜுக்கு அதே வண்டிதான். என்ன, வாடகை கேட்டு வீட்டுக்காரரு வந்து கதவைத் தட்ட மாட்டாரு. அது ஒண்ணு போதும்ல.”

“இலவச பஸ் இல்லாட்டி?”

“வேலையை விட்டிருப்பேன். அம்புட்டுத்தான்.”

இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வைக் காட்டி அரசு சொல்லி வருகிறது. இந்த அம்மாளுக்கு அது ரூபாய்க் கணக்கோடு நிற்கவில்லை. வேலைக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்பதையே அதுதான் தீர்மானித்திருக்கிறது. கடையில் உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. “ஸ்டூல் இருக்குண்ணே, உக்காரத்தான் நேரம் இல்ல” என்றார். கடையில் நின்று, பஸ்ஸில் நின்று, ஒரு நாளில் அவர் கால் மடக்குவது வீட்டில்தான்.

பஸ் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியது. உள்ளூர் வண்டிகளுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது, சாவடியையே இடம் மாற்ற வேண்டும் என்று திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடி வருகிற இடம். ஊர் இவ்வளவு தூரம் நீண்டுவிட்ட பிறகு, வேலைக்குப் போகிற வழியிலேயே ஒரு சுங்கம் நிற்பதை யார்தான் பொறுப்பார்கள்? அடுத்து தோப்பூர். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்ப வருஷங்கள் ஆயின. சுற்றிலும் மனை விலை அன்றைக்கே எழும்பிவிட்டது. பஸ் ஜன்னலில் கண்ட விளம்பரப் பலகைகளில் பாதிக்குமேல் எய்ம்ஸ் பெயர் இருந்தது.

திருநகர், ஹார்விபட்டி வந்ததும் காட்சி மாறுகிறது. நிழல்மரம், நேரான தெரு, விளையாட்டுத் திடல். ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் 1892-இல் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்தது; அதன் தொழிலாளர்களுக்காகப் பின்னாளில் உருவான குடியிருப்புதான் ஹார்விபட்டி. மில் முதலாளிகள் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால், வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் எங்கே குடியிருப்பார், எப்படி வந்துசேருவார் என்று வேலை கொடுத்தவர்களும் யோசித்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு மாசி வீதிக் கடைகளில் நிற்கிற ஆயிரக்கணக்கான பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்பது யாருடைய கவலையும் இல்லை.

பசுமலையிலிருந்து பழங்காநத்தம் வரை பஸ் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை டூவீலர். ஒரு வண்டியில் அப்பா, முன்னால் யூனிஃபார்ம் போட்ட பிள்ளை, பின்னால் அம்மா, அவர் மடியில் டிபன் கேரியர். நின்ற நேரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கள்ளிக்குடி பக்கத்து மனையில் வீடு கட்டி விளக்குத்தூணுக்கு வேலைக்கு வருகிறவர், போக வர 60 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோல். 26 நாள் வேலைக்கு 3,500 ரூபாய் ஆகிறது. இதில் வண்டித் தவணை சேரவில்லை, டயர் சேரவில்லை, மழைநாளில் ஆட்டோ சேரவில்லை. புருஷன் பெண்சாதி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு வண்டி. ஊருக்குள் ஒரு சின்ன வீட்டு வாடகையில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும். மலிவு மனையின் மீதி விலையை மாதாமாதம் பெட்ரோல் பங்கில் கட்டுகிறோம்; அதற்கு மட்டும் பத்திரம் கிடையாது.

பஸ் என்றால் மதுரைக்கு ஒரு பழைய பெருமை உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தப் பகுதியில் பஸ் ஓட்டியவர். டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1972-இல் அரசுடைமையாகி அது பாண்டியன் ரோட்வேஸ் ஆனது. அரசு எடுத்ததால் பட்டிதொட்டிக்கெல்லாம் பஸ் போனது. அதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கடிகாரம் மட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பழங்காநத்தம் ஸ்டாப்பில் கேட்டால், “வரும்” என்கிறார்கள்.

பெரியார் பஸ் நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டி, 2021-இல் திறந்தார்கள். அங்கே இறங்கி மேலவெளி வீதி வழியாக நடந்தேன். கோட்டைச் சுவர் நின்ற இடம் இது. 1830-களின் கடைசியிலும் 1840-களிலும் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடிக்க ஏற்பாடு செய்தார். சர்க்காரிடம் அதற்குப் பணம் இல்லை. சுவரைத் தகர்த்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்தார். ஜனங்கள் போட்டிபோட்டு இடித்தார்கள். நிலத்தை அளந்த மாரட் பெயரில் ஒரு வீதி, வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி, பிளாக்பர்ன் நினைவாக விளக்குத்தூண். மதுரை கோட்டையைவிட்டு வெளியே வந்தது அப்போதுதான். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கிய வீதிகளுக்கு வெளியே வெளி வீதி சேர்ந்தது. அந்த விரிவுக்கும் இன்றைய விரிவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று புது மனையிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம்.

சிம்மக்கல்லில் மறுபடி பஸ் ஏறினேன். 1889-இல் திறந்த ஏ.வி. மேம்பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம். அங்கே மேம்பால வேலை நடந்ததால் வண்டிகள் சந்துபொந்தெல்லாம் புகுந்து வந்தன. அண்மைக் காலத்தில் மதுரை போக்குவரத்துக்கென்று பெரிதாகக் கட்டியவை பாலங்கள்தாம். நத்தம் சாலையில் தல்லாகுளத்திலிருந்து ஊமச்சிகுளம் பக்கம் வரை 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறந்தது. காரில் போகிறவருக்குச் சொர்க்கம். ஆனால் பாலத்தின் மேல் பஸ் ஸ்டாப் கிடையாது. திருப்பாலையிலும் நாகனாகுளத்திலும் இறங்க வேண்டியவர்களை ஏற்றிய டவுன் பஸ், தூண்களுக்கு நடுவே கீழேதான் ஊர்ந்துகொண்டிருக்கிறது. மேலே போகிறவர்களுக்காகச் செலவழித்தோம், கீழே போகிறவர்கள்தான் அதிகம்.

தல்லாகுளத்தில் மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது பழைய கண்மாய் நிலத்தில். உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது உலகநேரிக் கண்மாயில். 2011-இல் மாநகராட்சி எல்லை சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக விரிந்தபோது, அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் என்று மூன்று நகராட்சிகளும், மூன்று பேரூராட்சிகளும், பதினொரு ஊராட்சிகளும் உள்ளே வந்தன. வார்டு 72-இலிருந்து 100 ஆனது. கண்மாயும் வயலுமாக இருந்த ஊர்களில் வீட்டு வரி ஏறிய வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை.

மாட்டுத்தாவணி நிலையம் 1999-இல் திறந்தது. ஊருக்குள் வெளியூர் வண்டிகளின் நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் அன்றிலிருந்து வெளியூர்ப் பயணி ஒவ்வொருவருக்கும் இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ தலையில் விழுந்தது. பூ மார்க்கெட் வாசலில் மல்லிகை மூட்டையோடு நின்ற ஒரு பெரியவர், தன்னை ஏற்றிக்கொள்ள மறுத்த பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊரிலிருந்து விடியற்காலையில் வருகிற ஒரே வண்டியைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோதான். பூவுக்குக் கிடைக்கிற விலையில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுமாம்.

உத்தங்குடி தாண்டி உயர் நீதிமன்றக் கிளை. 2004 ஜூலையில் தொடங்கிய இந்தக் கிளைக்குத் தென்மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் வழக்குக்கு வருகிறார்கள். கோப்புக்கட்டோடு இறங்கியவர்கள் மேலூர் சாலையின் வேகத்துக்கு நடுவே ஓடிக் கடந்தார்கள். அதற்கப்பால் ஒத்தக்கடை. ஆனைமலை நிழலில் வேளாண் கல்லூரி. சாலையின் மறுபக்கம் மறுபடி மஞ்சள் கல், மறுபடி ஆர்ச். இறங்கிக் கடிகாரம் பார்த்தேன். இறங்கி நடந்த நேரத்தைக் கழித்தாலும் 32 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மெட்ரோவைத் திருப்பி அனுப்பியவர்கள், மதுரைக்குப் பஸ்ஸுக்கென்று தனித்தடம் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அகமதாபாத்தில் 2009 முதல் அப்படி ஓடுகிறது. மதுரையைவிடச் சின்ன ஊரான ஹுப்பள்ளி–தார்வாடிலும் 22 கிலோமீட்டருக்குப் போட்டார்கள். தில்லியில் கார்க்காரர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து பெயர்த்து எறிந்தார்கள். ஆக, அதுவும் எளிதல்ல. சிம்மக்கல் அகலத்தில் தனித்தடம் வரைய முடியாது. ஆனால் திருமங்கலத்திலிருந்து பழங்காநத்தம் வரைக்கும், மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் சாலை அகலமாகத்தான் கிடக்கிறது. திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை, கூடல்நகர், சமயநல்லூர் என்று ரயில் பாதை இரட்டைப் பாதையாகத் தயாராக இருக்கிறது. அதில் காலையும் மாலையும் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சில வண்டிகள் விட 11,000 கோடி தேவையில்லை. மெட்ரோ கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், கேட்பது நியாயம்தான். அதுவரை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் திருமங்கலத்துக்கும் ஒத்தக்கடைக்கும் நேரம் தவறாமல் டவுன் பஸ் ஓடினாலே பாதிக் குறை தீரும். புது மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது பூங்காவுக்கு 10 சதவீதம் இடம் கேட்கிற அரசு, பஸ் எங்கே வந்து நிற்கும் என்றும் கேட்க வேண்டும்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலைநாளில், விற்கிறவரின் காரில் ஏறாமல், பஸ்ஸில் போய் அந்த மனையைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு அங்கிருந்து உங்கள் வேலை இடத்துக்கு வாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பிப் போங்கள். கூடவே வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். அதற்குப் பிறகும் அந்த விலை மலிவாகத் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள்.